பவளாயி முயலின் பச்சைப் புல்

சுனைக்குன்றின் அடிவாரத்தில் ஒரு காடு. காட்டுக்கு நடுவே சுனையடி என்று ஒரு சின்னக் குடியிருப்பு. முயல், அணில், கீரி, உடும்பு, முள்ளம்பன்றி, காகம் என்று பலதும் அங்கே கூடி வாழ்ந்தன. ஒன்றையொன்று கடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். முணுமுணுத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

மற்ற காடுகளில் இல்லாத ஒரு வசதி சுனையடிக்கு இருந்தது. குன்றின் மேலே இருந்த சுனையிலிருந்து பூமிக்கு அடியில் ஒரு வாய்க்கால் வந்து, ஊர் நடுவில் இருந்த கல்தொட்டியில் விழும். எல்லாருக்கும் குடிக்க அந்தத் தண்ணீர்தான். இன்னொரு வாய்க்காலும் உண்டு. அது வளைகளில் சேரும் அழுக்கையும் கழிவையும் வாங்கிக்கொண்டு, அதுவும் பூமிக்கு அடியிலேயே போய், தூரத்துக் கோரைப் பள்ளத்தில் கொட்டும். அது சாக்கடை. இரண்டையும் வெட்டியவை அந்தக் காலத்துப் பெருச்சாளிகள். கல் அடுக்கி, களிமண் பூசி, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது வாய்க்கால் இரண்டுக்கும் நல்ல வயசாகிவிட்டது.

வயசான வாய்க்கால் தானாக ஓடுமா? யாராவது உள்ளே இறங்கி, நுழைந்த வேரைக் கடித்துப் போட வேண்டும். விரிசலில் களிமண் வைக்க வேண்டும். சரிந்த கல்லை நிமிர்த்த வேண்டும். இந்த வேலை மாசானம் என்ற பெருச்சாளிக்கும் அதன் பிள்ளைகளுக்கும் உரியது. உள்ளே இறங்கினால் பொழுது அங்கேயே போய்விடும், இரை தேட முடியாது. அதனால் ஊர் அவற்றுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. பௌர்ணமி வருகிற நாளில், காலையிலேயே, வீட்டுக்கு ஒருவர் வாய் நிறையத் தானியம் கொண்டுவந்து மருதமரப் பொந்தில் போட வேண்டும். அணிலுக்கு அணில் வாய், முள்ளம்பன்றிக்கு முள்ளம்பன்றி வாய். அவரவர் வாய் கொண்ட அளவு, அவ்வளவுதான். வாய்ப்பங்கு என்று அதற்குப் பெயர்.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பாருங்கள், வாய் என்பது விரியவும் செய்யும், சுருங்கவும் செய்யும்!

முதலில் கீரிதான் உதட்டைக் குவித்துக்கொண்டு வந்தது. நாலு மணியைத் துப்பிவிட்டு, "பல்வலி!" என்றது. அடுத்த மாதம் உடும்புக்குப் பல்வலி. அதற்கடுத்த மாதம் ஊருக்கே பல்வலி. காகத்துக்குப் பல்லே கிடையாது. அதுவும் அலகைச் சிறகால் பொத்திக்கொண்டு, "பல்வலி!" என்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தங்கள் வாயைத் திறந்து காட்ட வேண்டி வருமே!

பொந்தின் அடியில் நாலு சோளம் கிடந்தது. மாசானமும் பிள்ளைகளும் பாதிப் பொழுது வாய்க்காலுக்கும் பாதிப் பொழுது இரைக்கும் என்று ஓட ஆரம்பித்தன.

மாசானமும் லேசுப்பட்டது இல்லை. நாக்கில் எப்போதும் புலம்பல்தான். "இந்த மழைக்குச் சுனை வாயிலேயே வாய்க்கால் இடிஞ்சிரும்! நான் சொல்றேன், பாருங்க!" என்று வருஷா வருஷம் கத்தும். வருஷா வருஷம் மழை வரும், போகும். வாய்க்கால் அப்படியே நிற்கும். "என்ன மாசானம், இடிஞ்சிருச்சா?" என்று காகம் மேலேயிருந்து கேட்கும். ஊரே சிரிக்கும். கடைசியில் மாசானம் கத்தினால் யாரும் காது கொடுப்பதில்லை என்று ஆகிவிட்டது.

சுனையடியின் தலைவர் ஓர் ஓணான். பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும். யார் வந்து எதைச் சொன்னாலும் தலையை மேலும் கீழும் ஆட்டும். கீரி வந்து, "வாய்ப்பங்கைக் குறைக்கணும் தலைவரே" என்றால் ஆட்டும். மாசானம் வந்து, "வாய்ப்பங்கைக் கூட்டணும் தலைவரே" என்றால் அதற்கும் ஆட்டும். வந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். இப்படி ஒரு தங்கமான தலைவர் எந்தக் காட்டில் கிடைப்பார்!

சரி, இனி பவளாயிக்கு வருவோம்.

பவளாயி ஒரு தாய் முயல். அதன் புருஷனை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஐந்து குட்டிகள் இருந்தன. துவரை, உளுந்து, மொச்சை, கொள்ளு, எள்ளு என்று பசித்த வயிற்றோடு பெயர் வைத்திருந்தது பவளாயி. எள்ளு கடைக்குட்டி, பெயருக்கு ஏற்ற அளவுதான் இருக்கும். ஊரில் பவளாயிக்குக் கிடைத்த இடம் தெற்குச் சரிவு. கல்லும் கள்ளியும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. 'கல்லுக்காட்டு முயல்' என்றுதான் ஊர் அதைக் கூப்பிடும். கூப்பிடும்போதெல்லாம் பவளாயிக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கும்.

ஒரு நாள் காலை, அந்தச் சரிவின் நடுவில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. பவளாயி நம்பவில்லை. கிட்டே போய் முகர்ந்தது. புல்! கடித்துப் பார்த்தது. தேன் மாதிரி இனித்தது. நாளுக்கு நாள் அந்தத் திட்டு அகலமாயிற்று. குட்டிகள் புரண்டு புரண்டு தின்றன. துவரைக்குக் கன்னம் வந்தது. எள்ளுவுக்கே சின்னத் தொந்தி விழுந்தது.

மழை இல்லாத காலத்தில் புல் எப்படி முளைக்கும்? பவளாயிக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மண்ணைக் கிளறியது, ஈரம். காதைத் தரையில் வைத்துக் கேட்டது. கீழே, களக் களக் என்று தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது. முயல் காது தப்பாகக் கேட்குமா?

ஊர் வாய்க்கால் தன் புல்லுக்கு அடியில் உடைந்து ஒழுகுகிறது என்று பவளாயிக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

'மாசானத்திடம் சொல்லணும்' என்று எழுந்தது. நாலு தாவல் தாவியது. திரும்பிப் பார்த்தது. ஐந்து குட்டிகளும் புல்லுக்குள் காது மட்டும் தெரிய மேய்ந்துகொண்டிருந்தன. மாசானம் வந்தால் களிமண்ணை அப்பிவிட்டுப் போகும். புல் காயும். மறுபடியும் கள்ளியைச் சுற்ற வேண்டியதுதான்.

"யாருக்கு என்ன குறை வந்துச்சு? தொட்டி நிறையத்தானே கிடக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஈரம் தெரிந்த இடத்தைச் சருகு போட்டு மூடியது பவளாயி.

புல் விஷயம் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. பவளாயி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. முள்ளம்பன்றி வேர் பிடுங்கித் தின்றது. கீரி வந்து சும்மா புரண்டுவிட்டுப் போனது. பக்கத்து வேலமரத்தில் சிவந்தி என்று ஓர் அணில் இருந்தது. அதற்கு அப்போதுதான் ஒரு குஞ்சு பிறந்திருந்தது. "அக்கா, கூட்டுக்குள்ள மெத்தை போடணும். கொஞ்சம் இளம்புல்லு தர்றியா?" என்று கேட்டது. பவளாயி தானே நல்லதாகப் பார்த்துக் கடித்து, மரத்தடி வரை கொண்டுபோய்க் கொடுத்தது. "நீ நல்லா இருக்கணும்க்கா!" என்றது சிவந்தி.

அதன் பிறகு 'கல்லுக்காட்டு முயல்' என்ற பேச்சே எழவில்லை. எல்லார் வாயிலும் 'பவளாயி அக்கா'தான்!

அந்தச் சமயத்தில்தான் மாசானம் ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னது. எல்லாம் பாறைக்குக் கீழே வந்து உட்கார்ந்தன.

"தொட்டியில விழுற தண்ணி இளைச்சிருக்கு. எங்கேயோ ஒழுகுது. எங்கேன்னு எனக்குத் தெரியல. சுனை வாயிலதான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றது மாசானம். "ரெண்டு வாய்க்காலையும் மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பார்த்துடணும். ரொம்பப் பழசாயிருச்சு. ஒரு பருவம் முழுக்க ஆகும். அதுவரைக்கும் வீட்டுக்கு ரெண்டு வாய்ப்பங்கு வேணும். நிறை வாய்! குவிச்ச வாய் இல்ல!"

"ரெண்டா!" என்று கீரி துள்ளிக் குதித்தது. "ஒண்ணுக்கே எனக்குப் பல்வலி!"

"சுனை வாயி இடிஞ்சிருச்சா மாசானம்?" என்று காகம் ஆரம்பித்தது. சிரிப்பு எழுந்தது. ஆனாலும் உடும்பு யோசித்தது. முள்ளம்பன்றி தலையைச் சொறிந்தது. "தண்ணி விஷயம்... ஒரு தடவை பார்த்துடறது நல்லதுதானோ?" என்று இரண்டொரு குரல் கேட்டது.

பவளாயி சட்டென்று நிமிர்ந்தது. மேலயிருந்து கீழ வரைக்கும் பார்த்தால் தன் புல்லுக்கு அடியிலும் பார்க்குமே! அது எழுந்து நின்றது. கூட்டத்தில் அதுவரை பேசியதே இல்லை.

"நான் அஞ்சு குட்டி வச்சிருக்கேன்" என்றது. குரல் நடுங்கியது. அந்த நடுக்கமே அதற்குச் சாதகமாகப் போயிற்று. "ஒரு வாய் தானியம்னா என் எள்ளுவுக்கு எத்தனை வேளைக் கஞ்சி! அதைக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துல கொண்டுபோய்க் கொட்டணுமா? இன்னைக்குக் காலையில தொட்டியில எல்லாரும் தண்ணி குடிச்சீங்களா இல்லையா?"

"குடிச்சோம்!" என்றது கூட்டம்.

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு!"

"அப்புறம் என்ன?"

"அக்கா சொல்றது நியாயம்!" என்று முதலில் கத்தியது சிவந்தி. தன் கூட்டில் கிடக்கும் மெத்தை அதன் கண்ணில் வந்து போனது. "பிள்ளைகளுக்கு முதல்ல வயிறு நிறையட்டும்!"

எல்லாம் அண்ணாந்து தலைவரைப் பார்த்தன. ஓணான் தலையை ஆட்டியது. அவ்வளவுதான், முடிந்தது! வாய்ப்பங்கு அன்றோடு நிறுத்தப்பட்டது. அந்த மாதம் பொந்தில் சேர்ந்திருந்த சோளத்தை என்ன செய்வது? விருந்து வைக்கலாம் என்றது கீரி. அதற்கும் ஓணான் தலையை ஆட்டியது. விருந்தை எங்கே வைப்பது? பவளாயி அக்காவின் புல்லில்தான்!

உடைந்த வாய்க்காலுக்கு மேலேயே பந்தி போட்டு, அதைச் சரிசெய்ய வைத்திருந்த சோளத்தை ஊரே உட்கார்ந்து தின்றது.

மாசானம் விருந்துக்கு வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சர்க்கரைவள்ளி விளையும் மேட்டு வயல் பக்கம் போய்விட்டது. "வேலைன்னா கூப்பிடுங்க. சோத்தோட கூப்பிடுங்க!" என்று சொல்லிவிட்டுத்தான் போனது. கோபம் அதற்கு. கோபத்தில் போகிற வழியில் எங்கே ஒழுகுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

கோடை வந்தது. சுனை மெலிந்தது. தொட்டியில் நூல் மாதிரிதான் தண்ணீர் விழுந்தது. அதில் ஒரு மாதிரி வாடை. "பாசி வாடைதான்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தன. இரண்டொரு நாளில் உடும்புக்கு வயிற்றுப்போக்கு. பிறகு முள்ளம்பன்றிக்கு வாந்தி. பிறகு வீட்டுக்கு வீடு படுக்கை.

"கண்ணேறு பட்டிருக்கு!" என்றது கீரி. தொட்டியைச் சுற்றி வேப்பிலைத் தோரணம் கட்டின. "காகம்தான் எதையோ கொண்டாந்து போட்டிருக்கு!" என்றது உடும்பு. காகம் அழுதது. அதற்கும் வயிற்றுவலிதான்.

பவளாயி மட்டும் தன் புல்லில் வந்து நின்றது. ஊரே காய்ந்து கிடக்க அந்தத் திட்டு மட்டும் கருகருவென்று, முன்னைவிடப் பச்சையாக இருந்தது. காதைத் தரையில் வைத்தது. களக் களக் சத்தம் இல்லை. அதற்குப் பதில் மண்ணிலிருந்து ஒரு வீச்சம் வந்தது. சாக்கடை வீச்சம்.

அதற்குப் புரிந்தது. இரண்டு வாய்க்காலும் இந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஏற்கெனவே ஒழுகிய வாய்க்காலைத் தன் புல்லின் வேர் இன்னும் பெயர்த்து, பக்கத்துச் சாக்கடையையும் நெம்பி உடைத்துவிட்டது. தண்ணீர் நிறைய ஓடிய வரைக்கும் நல்ல தண்ணீர் வெளியே ஒழுகியது. இப்போது தண்ணீர் மெலிந்து வாய்க்கால் காலியாகக் கிடக்கிறது. அதனால் சாக்கடை உள்ளே ஒழுகுகிறது. அதைத்தான் ஊர் குடிக்கிறது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பவளாயி சொல்லவில்லை. என்ன செய்தது தெரியுமா? ஐந்து குட்டிகளையும் கூப்பிட்டு, "யாரும் இனி தொட்டித் தண்ணி குடிக்கக் கூடாது. மேற்கே பாறைக் குட்டையில போய்க் குடிங்க. ஏன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றது. மழை வந்தால் எல்லாம் அலசிக்கொண்டு போய்விடும், அதுவரை சமாளித்தால் போதும் என்பது அதன் கணக்கு.

சிவந்தி மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. "என்னக்கா, பிள்ளைங்க தினமும் அவ்வளவு தூரம் போகுது?" என்று கேட்டது.

"சும்மாதான்" என்றது பவளாயி. "அந்தத் தண்ணி குளுமையா இருக்கும்."

சிவந்தி நம்பியது. பவளாயி அக்கா பொய் சொல்லும் என்று அதற்கு எப்படித் தோன்றும்? அதன் குஞ்சுக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. அது தொட்டித் தண்ணீரையே பஞ்சில் நனைத்துக் கொண்டுவந்து குஞ்சின் வாயில் பிழிந்தது.

அணில் குஞ்சுக்கு உடம்பு எவ்வளவு? இரண்டு நாள் துவண்டு கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் செத்துப்போனது.

சிவந்தி அழவில்லை. கூட்டிலிருந்த மெத்தையை ஒவ்வொரு இணுக்காக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தது. காய்ந்த புல் பவளாயியின் காலடியில் வந்து விழுந்தது. அது பவளாயியே பார்த்துப் பார்த்துக் கடித்துக் கொடுத்த புல்.

பவளாயி வளைக்கு ஓடியது. உள்ளே எள்ளு சுருண்டு கிடந்தது. உடம்பு கொதித்தது.

"என்னடா செஞ்ச? தொட்டித் தண்ணி குடிச்சியா?"

"சிவந்தி அத்தை குடுத்தாங்கம்மா" என்றது எள்ளு. "பாப்பாவைப் பார்க்கப் போனேன். பாப்பாவுக்குக் குடுத்துட்டு மீதியை எனக்கும் குடுத்தாங்க. நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னியே. அதான் வேண்டாம்னு சொல்லல."

பவளாயிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வெளியே வந்தது. உச்சி வெயில். நேராகத் தன் புல்லுக்கு நடுவே போய் நின்று, முன்னங்காலால் தோண்ட ஆரம்பித்தது.

பிடி பிடியாகப் புல் பறந்தது. "ஐயோ, அக்காவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு!" என்று காகம் கத்தியது. படுத்துக் கிடந்ததெல்லாம் எழுந்து தள்ளாடித் தள்ளாடி வந்து சுற்றி நின்றன. பவளாயி நிமிரவில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அப்புறமும் தோண்டியது. கடைசியில் கல் தெரிந்தது. கல்லுக்கு நடுவே கொத்துக் கொத்தாகப் புல்வேர். இந்தப் பக்கம் உடைந்த சாக்கடை. அந்தப் பக்கம் உடைந்த நல்ல தண்ணீர் வாய்க்கால். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கறுப்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

மூக்கு இருந்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது.

"வாய்க்கால் ஒழுகுறது புல்லு முளைச்சப்பவே எனக்குத் தெரியும்" என்றது பவளாயி. "சாக்கடை கலக்குறதும் தெரியும். என் குட்டிகளை மட்டும் குடிக்காம நிறுத்தினேன்." சிவந்தியின் பக்கம் அதனால் பார்க்க முடியவில்லை.

"துரத்துங்க இவளை!" என்று கீரி பல்லைக் காட்டியது. வலியே இல்லாத நல்ல பற்கள்! "காட்டை விட்டே துரத்தணும்! என்ன தலைவரே?"

ஓணான் தலையை ஆட்டியது.

"அஞ்சு குட்டியோட எங்க போகும்? பாவம், துரத்த வேண்டாமே தலைவரே?" என்றது முள்ளம்பன்றி.

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

அப்போது சிவந்தி மரத்திலிருந்து இறங்கி வந்தது. பாறைக்கு முன்னால் போய் நின்றது. "தலையை ஆட்டாதீங்க!" என்று கத்தியது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. "வாயைத் திறந்து சொல்லுங்க! அன்னைக்கு வாய்ப்பங்கு வேண்டாம்னு ஆட்டினீங்களே, அது என்ன?"

ஓணான் வாயைத் திறந்தது. சுனையடி அதன் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தலை தன்னால ஆடும்மா" என்றது. "பிறவியிலேயே அப்படித்தான். அதுக்கு சரின்னும் அர்த்தம் இல்ல, இல்லைன்னும் அர்த்தம் இல்ல. நீங்களா ஏதோ முடிவு பண்ணிக்கிட்டுப் போனீங்க."

இத்தனை காலம் முடிவு எடுத்தது யார்? கீரி காகத்தைப் பார்த்தது. காகம் உடும்பைப் பார்த்தது. உடும்பு தரையைப் பார்த்தது. எல்லாரும் அந்தப் புல்லில் விருந்து தின்றவர்கள்தான்.

"யாரையும் துரத்த வேண்டாம்" என்றது சிவந்தி. "துரத்தினா என் பிள்ளை எழுந்து வருமா? நியாயம்னு முதல்ல கத்தினவ நான்தானே? போங்க, போய் மாசானத்தைக் கூட்டிட்டு வாங்க. சோத்தோட போங்க!"

மாசானம் வந்தது. குழியைப் பார்த்தது. வழக்கம்போலப் புலம்பப் போகிறது என்று எல்லாம் காத்திருந்தன. அது புலம்பவில்லை. "நான் சுனை வாயில இடியும்னுல்ல கத்திக்கிட்டு இருந்தேன்" என்றது மெதுவாக. "இந்தப் பக்கமே வந்து பார்க்கல. கோவத்துல போயிட்டேன்." பிறகு நிமிர்ந்தது. "இதை மட்டும் அடைச்சா போதாது. மொத்த வாய்க்காலும் கிழடு. ஒரு பருவம் ஆகும். வீட்டுக்கு ரெண்டு நிறை வாய். அதுக்கப்புறம் மாசாமாசம் ஒண்ணு, என்னைக்கும் நிற்கக் கூடாது. சம்மதமா?"

பழக்க தோஷத்தில் எல்லாம் ஓணானைப் பார்க்கத் திரும்பின. பிறகு நினைவு வந்து, தாங்களே வாய் திறந்து, "சம்மதம்!" என்றன.

நடக்க முடிந்ததெல்லாம் பாறைக் குட்டைக்குப் போய், முடியாதவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தன. பெருச்சாளிகள் உள்ளே இறங்கின. மற்றதெல்லாம் களிமண் சுமந்தன. பவளாயி தன் புல்லை ஒரு வேர் விடாமல் தானே பிடுங்கிப் போட்டது. சாக்கடையின் உடைப்பை முதலில் அடைத்தன. பிறகு தொட்டியைக் கழுவின. மழைக்காலம் தொடங்கியபோது வாய்க்காலில் பாதி வேலை முடிந்திருந்தது, மீதியும் நடந்துகொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் பழையபடி தெளிவாக விழுந்தது. எள்ளு பிழைத்துக்கொண்டது. ஆனால் தொந்தி போனது போனதுதான், அதற்கப்புறம் விழவே இல்லை.

தெற்குச் சரிவு மறுபடி கல்லும் கள்ளியும் ஆயிற்று. 'கல்லுக்காட்டு முயல்' என்று கீரி மறுபடி கூப்பிட்டது. பவளாயி திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

அடுத்த பௌர்ணமி நாள் காலையில் மருதமரத்தடியில் எல்லாம் வரிசையில் நின்றன. இப்போது ஒரு புது வழக்கம். போடுவதற்கு முன்னால் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து காட்ட வேண்டும்! காகம்கூட அலகு கொள்ளாமல் கம்பு மணி கொண்டுவந்திருந்தது. கடைசியாகப் பவளாயி வந்தது. இரண்டு கன்னமும் புடைத்துப்போய், உதட்டோரம் தினை ஒழுக, மூச்சு விடவே திணறிக்கொண்டு வந்தது. அத்தனை தினையைக் கல்லுக்காட்டில் எங்கே பொறுக்கியதோ!

பொந்துக்குப் பக்கத்தில் சிவந்தி நின்றிருந்தது. குஞ்சு செத்த நாளிலிருந்து அது பவளாயியோடு பேசியதில்லை. இன்றைக்கு நிமிர்ந்து பார்த்தது.

"அக்கா" என்றது. "நீ எவ்வளவு போட்டாலும் இந்தப் பொந்து எனக்கு நிறையாது. ஆனாலும் போட்டுக்கிட்டே இரு."

பவளாயிக்குப் பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் வாய் நிறையத் தானியம். அது தலை குனிந்து, ஒரு மணி சிந்தாமல், அத்தனையையும் பொந்துக்குள் போட்டது.

கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற பொதுச் சொத்தைப் பேணத் தன் பங்கைக் கொடுக்க மறுக்கும் ஊருக்கு, ஒரு நாள் அதைவிடப் பெரிய பங்கைத் தன் பிள்ளைகளின் உயிராகக் கொடுக்க நேரும்.